ஸ்பைக்கின் ஒருதலைக் காதல்: மறைத்ததும் மறுக்கப்பட்டதும்

‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முதல்முறை பார்ப்பவர்கள் ஐந்தாம் சீசனில் திகைத்துப்போகிறார்கள். பஃபியைக் கொல்லத் துடித்தபடி 1997இல் ஊருக்குள் வந்த ஸ்பைக் என்ற ரத்தக்காட்டேரி, 2000ஆம் ஆண்டு எபிசோடு ஒன்றில் அவளை முத்தமிடுவதாகக் கனவு கண்டு அலறி எழுகிறான். அவளைக் காதலிப்பது அவனுக்கே அப்போதுதான் உறைக்கிறது. பார்ப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. கொலைவெறி பிடித்த எதிரிக்குத் திடீரென்று காதல் எப்படி வந்தது? ஆன்மாவே இல்லாதவனிடம் இருப்பதைக் காதல் என்று சொல்லலாமா?

முதல் கேள்விக்கு விடை தெளிவானது: திடீரென்று எதுவும் நடக்கவில்லை. அந்தக் கனவுக்கு 120 ஆண்டு முன்கதை இருக்கிறது. இரண்டாவது கேள்வி சிக்கலானது. அதற்கு விடை தேட, அவன் என்ன உணர்ந்தான் என்பதைவிட, ஒவ்வொரு முறை மறுக்கப்பட்ட பிறகும் அவன் என்ன செய்தான் என்பதைப் பார்க்க வேண்டும். தொடரும் அவனை அப்படித்தான் எடைபோடுகிறது.

கதை உலகின் விதிகள்

1. ஒரு மனிதன் ரத்தக்காட்டேரியாக மாறும்போது அவன் இறக்கிறான், ஆன்மா போய்விடுகிறது. அந்த உடலில் ஒரு பேய் குடியேறுகிறது. ஆனால் பழைய நினைவுகளும் சுபாவமும் அழிவதில்லை.

2. ஸ்லேயர் என்பவள் ரத்தக்காட்டேரிகளை அழிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண். பஃபி சம்மர்ஸ் அப்படிப்பட்டவள். ஸ்பைக் அவளுக்கு முன் இரண்டு ஸ்லேயர்களைக் கொன்றவன்: ஒருத்தியை 1900இல் சீனாவில், இன்னொருத்தியை 1977இல் நியூயார்க்கில்.

3. வீட்டில் குடியிருப்பவர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. தந்த அழைப்பை மந்திரச் சடங்கு செய்து திரும்பப் பெறலாம்.

4. நான்காம் சீசனில் ரகசிய ராணுவப் பிரிவு ஒன்று ஸ்பைக்கின் மூளையில் ஒரு சில்லைப் பொருத்துகிறது. மனிதர்களைத் தாக்க முனைந்தாலே தாங்க முடியாத வலி வரும். ஆகவே அவன் நல்லது செய்தால், அது மனமாற்றமா அல்லது வேறு வழியில்லாததாலா என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும்.

இந்த நான்கில் மூன்றாவது விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பைக்கின் காதல் கதையில் அதுவே அளவுகோல் ஆகிறது.

கைக்கிளையும் பெருந்திணையும்

ஒருதலைக் காதலைப் பற்றிப் பேசத் தொல்காப்பியம் நமக்கு இரண்டு பிரிவுகளைத் தருகிறது. அகத்திணை ஏழில் முதலாவது கைக்கிளை: ஒரு பக்கம் மட்டும் இருக்கும் காதல். மறுமொழி கிடைக்காமலே பேசி, அந்தப் பேச்சிலேயே இன்பம் காண்பது அதன் இயல்பு. கடைசியில் வருவது பெருந்திணை: பொருந்தாக் காதல். அதன் நான்கு வகைகளில், தெளிவிழந்த மிகுகாமமும் காம மிகுதியால் வலிந்து நெருங்குவதும் அடங்கும்.

ஒருவனின் நெஞ்சில் எவ்வளவு காதல் இருக்கிறது என்பதை இந்தப் பகுப்பு பெரிதாகக் கேட்பதில்லை. எதிரில் இருப்பவளின் மனம் இசையாதபோது அவன் எங்கே நிற்கிறான் என்றே பார்க்கிறது. ஸ்பைக்கைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அவன் கைக்கிளையில் தொடங்கிப் பெருந்திணைக்குள் விழுகிறவன்.

1880, லண்டன்: முதல் மறுப்பு

2000 நவம்பர் 14 அன்று ஒளிபரப்பான ‘ஃபூல் ஃபார் லவ்’ எபிசோடு அவனுடைய பூர்வீகத்தைக் காட்டுகிறது. அப்போது அவன் பெயர் வில்லியம். கூச்ச சுபாவமுள்ள, அம்மாவோடு வாழும், மோசமான கவிதைகள் எழுதும் இளைஞன். ஒரு விருந்தில் அவன் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்துச் சிரிக்கிறார்கள். அவனுடைய கவிதையைக் கேட்பதைவிடத் தலையில் தண்டவாள ஆணியை அடித்துக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். ஸ்பைக் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பது அங்கேயே விளங்கிவிடுகிறது.

அந்தக் கவிதைகள் செசிலி என்ற பெண்ணை நினைத்து எழுதப்பட்டவை. தன்னைப் பற்றியவைதானா என்று அவள் கேட்கிறாள். அவன் மறைக்கவில்லை, ஒவ்வோர் எழுத்தும் அவளைப் பற்றியதே என்று ஒப்புக்கொள்கிறான். தன்னை ஒரு முறை பார்க்க முயலும்படி மட்டும் கேட்கிறான். அவன் தனக்குக் கீழானவன் என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துவிடுகிறாள். காகிதத்தைக் கிழித்தபடி அழுதுகொண்டே சந்துக்குள் போகிறவனை ட்ரூசில்லா என்ற ரத்தக்காட்டேரி கண்டுகொள்கிறாள். அவன் ஏங்கிய கவனத்தை முதன்முதலில் தருகிறவள் அவள்தான். அதே கையோடு அவனைக் கடித்து மாற்றியும் விடுகிறாள்.

இந்தக் கதையைப் பஃபியிடம் சொல்லும்போது ஸ்பைக் பொய் சொல்கிறான். தான் பிறவியிலேயே கெட்டவன் என்று அவன் வாய் சொல்ல, திரையில் மூக்குக் கண்ணாடி அணிந்த அந்தக் கவிஞன் தெரிகிறான். தோல் கோட்டு, வெளுத்த தலைமயிர், முரட்டுப் பேச்சு எல்லாமே வில்லியமை ஒளித்துவைக்க அவன் கட்டிய சுவர்கள். காதலைச் சொன்னதற்குக் கிடைத்தது அவமானம் என்பதால், அடுத்த காதலுக்கு முன் அவன் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டான்.

ட்ரூசில்லாவுடன் அவன் வாழ்ந்த நூற்றாண்டும் முழுமையான இணைவு அல்ல. அவளை உருவாக்கிய ஏஞ்சலஸ் மீதே அவள் மனம் சாய்ந்திருந்தது. இரண்டாம் சீசனில் ஸ்பைக் சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடக்க, ஏஞ்சலஸ் அவன் கண்ணெதிரிலேயே அவளோடு கொஞ்சுகிறான். எழுந்து நடக்க முடிந்த பின்பும் ஸ்பைக் முடியாதவன்போலவே உட்கார்ந்திருந்து சமயம் பார்க்கிறான். உள்ளே இருப்பதை மறைக்கும் திறமை அவனுக்கு அப்போதே கைவந்துவிட்டது. கடைசியில் ட்ரூசில்லா அவனைவிட்டுப் போகிறாள். அவள் சொல்லும் காரணம் முக்கியமானது: அவனைச் சுற்றி ஸ்லேயர்தான் தெரிகிறாள் என்கிறாள். அது 1998. பஃபி மீதான காதலை ட்ரூசில்லா அவனுக்கு முன்பே, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பே, கண்டுவிட்டாள்.

ஒளித்துவைத்த மாதங்கள்

2000 அக்டோபரில் கனவு. 2001 பிப்ரவரியில் ‘க்ரஷ்’ எபிசோடில் வெளிப்படையாகச் சொல்வது. இடைப்பட்ட நான்கு மாதங்கள்தான் இந்தப் பாத்திரத்தின் மிகச் சிறந்த பகுதி. மறைக்கப்பட்ட காதலை எழுத்தாளர்கள் வசனத்தில் வைக்காமல் பொருள்களில் வைத்தார்கள்.

பஃபி வீட்டு மரத்தடியில் சிகரெட் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. அவன் எவ்வளவு நேரம் அங்கே நின்றான் என்பதை அவை சொல்கின்றன. அவளுடைய ஸ்வெட்டரை முகர்ந்துகொண்டிருக்கும்போது அவளுடைய காதலன் ரைலியிடம் பிடிபடுகிறான். ரைலி ஊரைவிட்டுப் போன பிறகு, துணிக்கடைப் பொம்மை ஒன்றுக்குப் பஃபிபோல வேடமிட்டு, கையில் சாக்லேட் பெட்டியோடு மன்னிப்புப் பேச்சை ஒத்திகை பார்க்கிறான். பொம்மையிடமே கோபம் வந்து அந்தப் பெட்டியால் அதை அடிக்கிறான். மறுமொழி கிடைக்காமல் பேசுவது என்ற கைக்கிளை இலக்கணத்துக்குத் திரையில் இதைவிட நேரடியான காட்சி கிடைப்பது அரிது. அதே நேரத்தில் அந்த அடி ஓர் எச்சரிக்கை. அவன் கற்பனையில் இருக்கும் பஃபிகூட அவன் விரும்பியபடி பதில் சொல்லாவிட்டால் அவனுக்குப் பொறுப்பதில்லை.

‘ஃபூல் ஃபார் லவ்’ முடிவுக்கு மீண்டும் வருவோம். இரண்டு ஸ்லேயர்களைக் கொன்ற கதையைச் சொல்லி முடித்துவிட்டு அவன் முத்தமிடக் குனிகிறான். பஃபி அவனைத் தள்ளிவிட்டு, செசிலி சொன்ன அதே வார்த்தையைச் சொல்கிறாள். அந்தக் கதையைச் சொல்வதற்காகப் பேசிய பணத்தை அவன்மேல் எறிந்துவிட்டுப் போகிறாள். அவளுக்குச் செசிலியைப் பற்றி எதுவும் தெரியாது; தற்செயலாகப் பழைய காயத்திலேயே குத்திவிட்டாள். அவன் அழுதபடி சிதறிய நோட்டுகளைப் பொறுக்குகிறான். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவளைக் கொல்லக் கிளம்புகிறான்.

வீட்டின் பின்படியில் பஃபி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அவளுடைய அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவன் நிற்கிறான். துப்பாக்கி தாழ்கிறது. என்ன ஆயிற்று என்று கேட்கிறான். அவள் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. தான் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து, எப்படித் தொடுவது என்று தெரியாதவனாக அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறான். மறுப்புக்குப் பின் கொலை என்ற பாதையில் பாதி தூரம் போனவன் திரும்பிவருவது இங்கேதான். இதைச் சில்லின் வேலை என்று சொல்லிவிட முடியாது. அவன் துப்பாக்கியைத் தாழ்த்தியபோது அவனுக்கு எந்த வலியும் வரவில்லை.

காதல் வெளிப்பட்ட பிறகு

ஸ்பைக்கின் காதலை முதலில் பஃபியிடம் சொல்பவள் அவளுடைய தங்கை டான். அதன் பிறகு அவன் மோசமாக நடந்துகொள்கிறான். பஃபியைச் சங்கிலியால் கட்டிவைத்து, காதலை நிரூபிக்க ட்ரூசில்லாவைக் கொல்வதாகச் சொல்கிறான். பிறகு பஃபிபோலவே ஓர் இயந்திரப் பெண்ணைச் செய்துதரச் சொல்லி வாங்கிக்கொள்கிறான். இவற்றைக் காதலின் பித்து என்று சொல்லி மெழுகக் கூடாது. சம்மதம் தர முடியாத ஒன்றைச் செய்துவைத்துக்கொள்வது, மறுப்பைக் கேட்க விரும்பாதவனின் வேலை. ‘க்ரஷ்’ முடிவில் அவன் அவள் பின்னாலேயே வீட்டுக்குள் போக முயல்கிறான். வாசலில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு அவனை நிறுத்துகிறது. அழைப்பு திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

அடுத்து வரும் எபிசோடுகளில் மூன்று செயல்கள் இதற்கு எதிர்த்திசையில் நிற்கின்றன:

1. பஃபியின் அம்மா இறந்ததும் ஸ்பைக் பூங்கொத்தோடு வாசலுக்கு வருகிறான். அவள் மனதைப் பிடிக்க நாடகமாடுகிறான் என்று பஃபியின் நண்பன் சாண்டர் விரட்டுகிறான். அந்த அம்மா தன்னை மதித்து நடத்தினார் என்று சொல்லிவிட்டு, பூக்களைக் கீழே எறிந்துவிட்டுப் போகிறான் ஸ்பைக். பஃபியின் தோழி வில்லோ அவற்றை எடுத்துப் பார்க்கிறாள். யார் கொடுத்தது என்று சொல்லும் அட்டை எதுவும் அதில் இல்லை. தன் பெயர் தெரியாமலே வைத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறான்.

2. குளோரி என்ற எதிரி, டானைப் பற்றிய ரகசியத்தைக் கேட்டு அவனைச் சித்திரவதை செய்கிறாள். அவன் சொல்லவில்லை. அந்த இயந்திரப் பெண்போல நடித்துப் பஃபியே வந்து காரணம் கேட்கிறாள். டானுக்கு ஏதாவது ஆனால் பஃபி உடைந்துபோவாள், அதைப் பார்த்துக்கொண்டு தன்னால் வாழ முடியாது என்கிறான். பஃபி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியாமல் சொன்னதால்தான் அந்த வாக்குமூலத்துக்கு மதிப்பு.

3. ஐந்தாம் சீசனின் இறுதியில், போருக்கு முன், பஃபி அவனை மறுபடியும் வீட்டுக்குள் அழைக்கிறாள். படிக்கட்டின் கீழே நின்று அவன் சொல்கிறான்: அவள் தன்னை ஒருபோதும் காதலிக்கமாட்டாள் என்று தெரியும், தான் அசுரன் என்றும் தெரியும், ஆனாலும் அவள் தன்னை மனிதனாக நடத்துகிறாள். இது எதையும் கேட்காத பேச்சு.

அன்றிரவே பஃபி இறக்கிறாள். அவள் மீண்டு வரும்போது ஸ்பைக்கிடம் நாள் கணக்கு தயாராக இருக்கிறது: நேற்றோடு 147 நாள். அவளுடைய கைகளில் இருக்கும் காயத்தைப் பார்த்ததும் சவப்பெட்டியைக் கிழித்து வெளியே வந்திருக்கிறாள் என்று அவனுக்கு உடனே புரிகிறது. அவனும் அப்படி வந்தவன். அவள் இல்லாத மாதங்களில், அவள் அன்பைப் பெறும் வாய்ப்பு துளியும் இல்லாதபோதும், டானைக் காப்பதாகத் தந்த வாக்கை அவன் விடவில்லை. தான் சொர்க்கத்தில் இருந்ததை நண்பர்களிடம் மறைக்கும் பஃபி, முதலில் சொல்வது ஸ்பைக்கிடம்தான்.

ஆறாம் சீசன்: பெருந்திணை

ஆறாம் சீசனில் இருவருக்கும் உடலுறவு ஏற்படுகிறது. பஃபி அதை எல்லோரிடமும் மறைக்கிறாள், வெட்கப்படுகிறாள், அவனை அடிக்கிறாள். ஒருதலைக் காதல் நிறைவேறிவிட்டதுபோலத் தெரிந்தாலும், உடல் கிடைத்ததே தவிர மனம் கிடைக்கவில்லை. தன் துயரத்திலிருந்து தப்பிக்க அவனைப் பயன்படுத்துவதை உணர்ந்து, அவனை வில்லியம் என்றே அழைத்து அவள் விலகுகிறாள். 2002 மே மாதம் ஒளிபரப்பான ‘சீயிங் ரெட்’ எபிசோடில் அவன் அவளைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான் (செத்து மீண்டு வந்த பஃபியிடம் மட்டும் அவனுடைய சில்லு வேலை செய்வதில்லை). அவள் உதைத்துத் தள்ளித் தப்புகிறாள்.

ஸ்பைக்கை நேசிக்கும் ரசிகர்களில் பலர் இந்தக் காட்சியை எழுத்தாளர்களின் தவறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நடித்த ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸே அந்தப் படப்பிடிப்பு தன்னை மிகவும் பாதித்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் கதைக்குள் இது வெளியிலிருந்து ஒட்டவைத்தது அல்ல. பொம்மையை அடித்ததும், சங்கிலியால் கட்டியதும், இயந்திரப் பெண்ணை வாங்கியதும் இந்த இடத்தை நோக்கியே வந்தன. அவள் உள்ளுக்குள் தன்னைக் காதலிக்கிறாள், அதை ஒப்புக்கொள்ள மட்டும் மறுக்கிறாள் என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கைதான் அவள் சொன்ன ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் காதில் விழாமல் செய்தது. தொல்காப்பியம் பெருந்திணையின் எல்லையாக வைத்த இடமும் இதுவே.

ஆன்மா இல்லாதவனின் காதல், காதல்தானா?

தொடர் இந்தக் கேள்விக்குப் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறது. இரண்டாம் சீசனில் மனிதத்தன்மையைக் கண்டுபிடித்து எரிக்கும் ஒரு பேய், ஏஞ்சலஸிடம் அது துளியும் இல்லை என்கிறது. ஸ்பைக்கிடமும் ட்ரூசில்லாவிடமும் பாசமும் பொறாமையும் நாறுகின்றன என்று முகம் சுளிக்கிறது. ‘க்ரஷ்’ எபிசோடில், ரத்தக்காட்டேரிகளால் காதலிக்க முடியும், அறிவோடு காதலிக்கத்தான் முடியாது என்கிறாள் ட்ரூசில்லா.

எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. காசநோயில் இருந்த தன் அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து வில்லியம் அவரையும் ரத்தக்காட்டேரி ஆக்குகிறான். மாறியவுடன் அந்த அம்மா அவனுடைய அன்பை அருவருப்பாகக் கேலி செய்கிறார். அவன் அவரை அழிக்க நேர்கிறது. ஒரே மாற்றம், இரண்டு விளைவுகள். அம்மாவின் அன்பு ஆன்மாவோடு போய்விட்டது, மகனுடையது போகவில்லை.

ஆகவே ஆன்மா இல்லாத ஸ்பைக்கிடம் இருந்தது காதல்தான் என்று சொல்ல வேண்டும். அவனிடம் இல்லாதது வேறொன்று: தனக்கு வேண்டியதும் அவளுக்கு நல்லதும் மோதும்போது வழிகாட்டும் ஒன்று. அது இல்லாமலும் அவன் பலமுறை சரியாக நடந்தான். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. ‘சீயிங் ரெட்’டுக்குப் பிறகு அவன் ஆப்பிரிக்கா போய்ச் சோதனைகளைத் தாங்கி ஆன்மாவைத் திரும்பப் பெறுவது இதனால்தான். ஏஞ்சலுக்கு (ஆன்மாவோடு இருக்கும்போது ஏஞ்சலஸின் பெயர் இது) ஆன்மா சாபமாகத் திணிக்கப்பட்டது. ஸ்பைக் தானே தேடிப் போய் வாங்கினான். இது மன்னிப்பை வாங்கித்தரும் பரிசாக ஆகிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஏழாம் சீசனின் தொடக்கத்தில் அவன் புத்தி பேதலித்து, தேவாலயச் சிலுவைமேல் சாய்ந்து உடல் புகைய நிற்கிறான். ‘பினீத் யூ’ (உனக்குக் கீழே) என்ற அந்த எபிசோடின் தலைப்பே செசிலியின் சொல்லை நினைவூட்டுகிறது.

கடைசி மறுப்பு அவனுடையது

ஏழாம் சீசனில் நண்பர்கள் பஃபியை வெளியேற்றும்போது தேடிப் போகிறவன் ஸ்பைக். தான் எதையும் கேட்கவில்லை, அவள்மீதான காதல் அவள் கிடைக்காததால் வந்ததும் அல்ல, அவள் அவளாக இருப்பதால் வந்தது என்கிறான். அவள் கேட்டுக்கொண்டதால் இரவு முழுவதும் அவளை அணைத்தபடி இருக்கிறான், வேறெதுவும் நடக்கவில்லை.

2003 மே 20 அன்று வந்த இறுதி எபிசோடில் அவன் எரியத் தொடங்கும்போது பஃபி தன் காதலைச் சொல்கிறாள். இல்லை, நீ காதலிக்கவில்லை, ஆனாலும் சொன்னதற்கு நன்றி என்கிறான். அவள் பொய் சொல்கிறாள் என்று அவன் குற்றம் சாட்டவில்லை. சாகப்போகிறவனுக்கு அவள் தரும் பெருந்தன்மையைக் காதல் என்று எடுத்துக்கொண்டு கடனாளி ஆக்க விரும்பவில்லை. ஆறாம் சீசனில் அவள் ‘இல்லை’ என்றபோதெல்லாம் ‘ஆம்’ என்று கேட்டவன், இப்போது அவளே ‘ஆம்’ என்னும்போது அதைப் பற்றிக்கொள்ளாமல் அவளை வெளியே போகச் சொல்கிறான்.

‘ஏஞ்சல்’ என்ற கிளைத்தொடரின் ஐந்தாம் சீசனில் அவன் மீண்டு வருகிறான். ஐரோப்பாவில் இருக்கும் பஃபியைப் பார்க்கக் கப்பல் ஏற வாய்ப்பிருந்தும் போகவில்லை. உலகைக் காத்துச் செத்தவன் சில மாதங்களில் வாசலில் வந்து நின்றால் அந்தச் சாவுக்கு மதிப்பிருக்காது என்கிறான். இதில் பெருமிதமும் பயமும் கலந்திருக்கின்றன. காதல் மறுபடியும் ஒளிந்துகொள்கிறது. 2004 மே 19 அன்று ஒளிபரப்பான அத்தொடரின் கடைசி எபிசோடில், இறுதிப் போருக்கு முந்தைய நேரத்தை எப்படிக் கழிப்பது என்ற கேள்விக்கு அவன் ஒரு மதுக்கடை மேடையில் ஏறிச் செசிலிக்காக எழுதிய பழைய கவிதையை வாசிக்கிறான். முரட்டுக் கூட்டம் கைதட்டுகிறது.

பின்னர் டார்க் ஹார்ஸ் வெளியிட்ட காமிக்ஸின் பத்தாம் சீசனில் பஃபியும் ஸ்பைக்கும் காதலர்களாக இணைகிறார்கள். அதை விரும்புகிறவர்கள் படிக்கலாம். ஆனால் தொலைக்காட்சிக் கதை அந்த இணைப்பை நம்பி நிற்கவில்லை. மொத்தம் 144 எபிசோடுகளையும் பார்க்க நேரமில்லாதவர்கள், ஐந்தாம் சீசனை முழுமையாகவும், அடுத்து ‘ஆஃப்டர்லைஃப்’, ‘சீயிங் ரெட்’, ‘பினீத் யூ’, ‘டச்ட்’, ‘சோசன்’ ஆகியவற்றை இதே வரிசையிலும் பார்த்தால் போதும். ‘சீயிங் ரெட்’டைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், அவன் எதற்காக ஆப்பிரிக்கா போனான் என்பது விளங்காது.